பி.யூ.சி. முதல் நீட் வரை: எங்கள் கரிசல் காட்டில் அறிவியல் தேர்வு

1977 தேர்தலில் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் நின்று வென்று முதலமைச்சர் ஆனார். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சேதி இது. அடுத்த ஆண்டே, 1978-ல், தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்ததை யாரும் இதோடு சேர்த்துச் சொல்வதில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது சேதிதான் பெரியது என்பேன்.

அதற்கு முன்னால் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, கல்லூரிக்குப் போய் ஓராண்டு பி.யூ.சி. படிக்க வேண்டும். நானும் அப்படிப் படித்தவன்தான். பள்ளியில் பௌதிகம், ரசாயனம் என்று தமிழில் படித்தோம். கல்லூரியில் பெரும்பாலும் எல்லாம் ஆங்கிலம். பாடத்தையும் பாஷையையும் ஒரே வருஷத்தில் பிடிக்க வேண்டும். விழுந்தவர்களில் பலர் மறுபடி எழுதவில்லை. தறிக்கோ காட்டு வேலைக்கோ திரும்பிவிட்டார்கள்.

பிளஸ் டூ வந்தபின் அதே பாடத்தை உள்ளூர்ப் பள்ளியிலேயே, தமிழிலேயே, இரண்டு வருஷம் நிதானமாகப் படிக்க முடிந்தது. முதல் பொதுத்தேர்வு 1980-ல் நடந்தது. ரசாயனம் வேதியியலாகவும், பௌதிகம் இயற்பியலாகவும் மாறியிருந்தன. பிற்பாடு நான் வேதியியல் ஆசிரியரானபோது பார்த்தது இது: ‘சவ்வூடு பரவல்’ என்ற சொல்லைக் கேட்ட பையன், சவ்வின் ஊடே ஏதோ பரவுகிறது என்று பாதியைத் தானே சொல்லிவிடுவான். ஆங்கிலச் சொல் அவனுக்கு வெறும் ஓசை.

ஜனவரி பிறந்தால் திருப்புதல் தேர்வுகள். அந்த நாட்களில் ஊரையே பாடமாக வைத்துத்தான் திருப்பிப் பார்ப்போம்.

எங்கள் கிணறுகள் ஆழமானவை. மேலே மோட்டாரை வைத்தால் தண்ணீர் ஏறாது. கிணற்றுக்குள் திட்டுக் கட்டி இறக்கி வைப்பார்கள். ஏன்? பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. அது குழாயில் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே உள்ள வளிமண்டல அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் தாங்கும் நீர்த்தூண் சுமார் 10 மீட்டர்தான். நடைமுறையில் ஏழெட்டு மீட்டர்.

உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. கால்சியம், மக்னீசிய உப்புகள் சோப்போடு சேர்ந்து திரிந்துவிடும். அதுதான் கடினநீர். வெந்நீர் அண்டாவில் படிகிற வெள்ளைப் பொருக்கு கால்சியம் கார்பனேட். புளி போட்டுத் தேய்த்தால் அமிலம் அதைக் கரைக்கிறது.

சீமைக்கருவேல மரத்தை அடுக்கி மண் பூசிக் கரிமூட்டம் போடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். காற்று தாராளமாகப் போனால் விறகு சாம்பலாகும். காற்றை அடைத்துச் சூடேற்றினால் நீரும் வாயுக்களும் போய்க் கார்பன் மிஞ்சும். ஆக்சிஜனேற்றத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

உயிர்வேதியியலுக்கு அடுப்படி. உறை ஊற்றிய பாலில் பாக்டீரியாவின் நொதிகள் லாக்டோஸை லாக்டிக் அமிலமாக்குகின்றன. அமிலம் ஏறியதும் பாலின் புரதம் திரள்கிறது. மார்கழியில் தயிர் தோயத் தாமதமாவதும் சித்திரையில் சீக்கிரம் புளிப்பதும் வெப்பநிலையின் வேலை.

1984-ல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வு வந்தது. அதன்பின் இந்தக் கதைகளுக்கு நேரம் குறைந்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100 என்று 300-க்குக் கட் ஆஃப். பயிற்சி வகுப்புக்கு மதுரைக்குப் பஸ் ஏற முடிந்தவனுக்கும் முடியாதவனுக்கும் இடையே ஒரு புதுக் கோடு விழுந்தது. 2006-ல் இயற்றிய சட்டத்தால் அந்தத் தேர்வு ரத்தானது. 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது. ஆனால் அந்த ஆண்டுகளில் வேறொரு வியாதி வந்தது. புளூ பிரிண்ட் பார்த்து, வராத பாடத்தைத் தொடாமலே பிள்ளைகள் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள்.

2017 முதல் நீட். 180 கேள்வி, 720 மதிப்பெண், தப்புக்கு ஒரு மதிப்பெண் கழிவு. 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு. தமிழில் எழுதியவர்கள் 24,000-க்கும் மேல். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பி.யூ.சி. காலத்தில் சொல் தெரியாமல் தோற்றோம். நாற்பது வருஷம் கழித்து, சொல் தெரிந்த பிள்ளைகளுக்குக் கேள்வித்தாளே தப்பாக வந்தது.

2018-ல் புதிய பாடத்திட்டம் வந்தது. 2020-ல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. திருச்சுழிப் பக்கத்து அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் அல்ல.

தேர்வின் பெயர் இன்னும் எத்தனை முறை மாறுமோ! பேரப்பிள்ளைகள் வீட்டில் படித்துக்கொண்டிருந்தால் ஒன்று செய்யுங்கள். மோட்டாரைக் கிணற்றுக்குள் ஏன் இறக்குகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அழுத்தம் பாடம் முடிந்தது. அடுத்த பாடத்துக்குப் போகலாம்.