உள்ளூர்ச் சாலைப் பாலங்களின் எஞ்சிய ஆயுள் மதிப்பீடு

ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள ஒரு பாலம் இனி எத்தனை ஆண்டுகள், எவ்வளவு எடையைப் பத்திரமாகத் தாங்கும் என்று கணிப்பது எஞ்சிய ஆயுள் மதிப்பீடு. இது வடிவமைப்பு ஆயுளிலிருந்து வேறானது. ஐரோப்பிய விதிகளும் இந்தியாவின் ஐ.ஆர்.சி. 112 விதித்தொகுப்பும் பாலங்களுக்கு 100 ஆண்டு வடிவமைப்பு ஆயுளைக் கொள்கின்றன. அமெரிக்க ஆஷ்டோ விதிகள் 75 ஆண்டு என்கின்றன. நூறிலிருந்து பாலத்தின் வயதைக் கழித்தால் எஞ்சிய ஆயுள் கிடைத்துவிடாது. முப்பதே ஆண்டில் கம்பி தெரிய நிற்கும் பாலமும் உண்டு, நூற்றாண்டு கடந்தும் உழைக்கும் கல் வளைவுப் பாலமும் உண்டு.

நகராட்சி, ஊராட்சிச் சாலைப் பாலங்களில் இந்தக் கணிப்பு இன்னும் கடினம். பலவற்றுக்கு மூல வரைபடமே கிடைப்பதில்லை. கட்டிய காலத்தில் மாட்டுவண்டியும் சிறு லாரியும் போன இடத்தில் இன்று ஜல்லி ஏற்றிய டிப்பர் போகிறது.

கான்கிரீட் பாலத்தில் முதலில் பார்க்க வேண்டியது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம். கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே நுழைய நுழைய அந்தக் காரம் அழிகிறது. அழிந்த ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளரும்: 10 ஆண்டில் 10 மி.மீ. என்றால், 20 மி.மீ. ஆக 40 ஆண்டு, 30 மி.மீ. ஆக 90 ஆண்டு. அதாவது மூடுகனத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைத்தால் பல பத்தாண்டுகள் போய்விடும். உடைத்த இடத்தில் ஃபினால்ஃப்தலீன் கரைசல் தெளித்தால் காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், இழந்த பகுதி நிறமற்றே நிற்கும். கடலோரத்தில் உப்பின் குளோரைடு இதைவிட வேகமாக வேலை செய்கிறது. துரு மூல இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. அந்தக் கட்டத்தில் எஞ்சிய ஆயுளைத் தீர்மானிப்பது, மீதியிருக்கும் கம்பியின் கனம்.

இரும்புப் பாலத்தில் துருவோடு களைப்பும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு லாரியும் கடக்கும்போது பற்றவைத்த இணைப்புகளில் தகைவு, அதாவது உள்ளே ஏற்படும் அழுத்தம், ஏறி இறங்குகிறது. அதனால் ஏற்படும் சேதம் ஏறத்தாழ தகைவு வீச்சின் மூன்றாம் அடுக்கில் வளரும். வீச்சு 20 சதவீதம் கூடினால் சேதம் 73 சதவீதம் கூடும். ஆகவே வண்டிகளை எண்ணினால் மட்டும் போதாது, எடையும் போட வேண்டும்.

இன்னொரு வழி புள்ளியியல்: பல பாலங்களின் சோதனைப் பதிவுகளிலிருந்து கணிப்பது. 1967 டிசம்பர் 15 அன்று மேற்கு வர்ஜீனியாவையும் ஒஹாயோவையும் இணைத்த சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தனர். அதன் பிறகு அமெரிக்காவில் பாலங்களை முறையாகச் சோதிக்கும் தேசிய விதிகள் வந்தன. தளம், மேற்கட்டுமானம், கீழ்க்கட்டுமானம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 9 வரை மதிப்பெண் உண்டு. ஒரு மதிப்பெண்ணிலிருந்து அடுத்ததற்கு இறங்கும் நிகழ்தகவை மார்க்கோவ் சங்கிலி என்ற நிகழ்தகவு முறை கொண்டு கணிக்கிறார்கள். ஆயிரம் பாலங்களுக்குப் பராமரிப்பு நிதி திட்டமிட இது நல்ல கருவி. ஊர் எல்லையில் நிற்கும் ஒற்றைப் பாலத்தைப் பற்றி இது சராசரியை மட்டுமே சொல்லும்.

ஒற்றைப் பாலத்தில் கணிப்பு எங்கே தவறுகிறது என்பதற்குப் பிட்ஸ்பர்க் நகரின் ஃபெர்ன் ஹாலோ பாலத்தைவிடத் தெளிவான பாடம் அரிது. 1970-களில் கட்டப்பட்ட, நகராட்சிக்குச் சொந்தமான அந்த இரும்புப் பாலம் 2022 ஜனவரி 28 அன்று ஒரு பேருந்தோடும் சில கார்களோடும் பள்ளத்தில் விழுந்தது. நல்லவேளையாக உயிரிழப்பில்லை. மேற்பூச்சு தேவைப்படாத வகை இரும்பு அது; ஆனால் நனைந்து காய்ந்தால்தான் அதன் காப்புப் படலம் நிலைக்கும். வடிகால் அடைத்து, கால்களின் அடியில் ஈரமும் குப்பையும் தேங்கி, தகடு ஓட்டை விழும்வரை அரித்தது. சோதனையாளர்கள் ஆண்டுதோறும் எழுதி வைத்தார்கள், பழுது பார்க்கப்படவில்லை. எடை தாங்கும் கணக்கிலும் சாலையின் தார்ப்பூச்சு உண்மையில் இருந்ததைவிட மெல்லியதாகக் கொள்ளப்பட்டிருந்தது. கணக்கு சரியாக இருந்திருந்தால் பாலம் முன்பே மூடப்பட்டிருக்கும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது. எஞ்சிய ஆயுளின் பெரும்பகுதி அடைபட்ட வடிகாலில் கரைந்தது என்பதுதான் இதில் வேதனை.

எந்தச் சூத்திரத்துக்கும் எளிதில் அடங்காதது தூணடி மண்ணரிப்பு. வெள்ளத்தில் நீர் தூணைச் சுற்றிச் சுழன்று பள்ளம் பறிக்கும். வெள்ளம் வடியும்போது அதே பள்ளத்தில் மணல் நிரம்பிவிடும். கோடையில் பார்ப்பவருக்குத் தரை சமமாகவே தெரியும். நிரம்பிய மணலுக்கு முந்தைய பிடிப்பு இருக்காது. அதனால் ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் ஆற்றுப்படுகையின் ஆழத்தை அளந்து, முந்தைய மதிப்பீட்டை மீண்டும் போடுவது அவசியம். மணல் அள்ளி ஆற்றுமட்டம் இறங்கிய இடங்களில் இது இன்னும் அவசரம். திருச்சியில் 1928-இல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தன. பக்கத்தில் புதிய பாலம் 2016-லேயே திறக்கப்பட்டு, வாகனங்கள் அதற்கு மாறியிருந்தன.