ராணிப்பேட்டையின் குட்டி வண்டிகள்

வேலூர், ஆம்பூர் பக்கம் புதிதாக வண்டி பழகும் பையன் புல்லட் வேண்டும் என்பான். வீட்டுப் பெரியவர்களோ முதலில் டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டில் கை பழகட்டும், மற்றது பிறகு பார்க்கலாம் என்பார்கள். இந்த இழுபறி இன்று நேற்று வந்ததல்ல. தோல் தொழில் ஊர்களில் முதல் வண்டி எப்படித் தேர்வானது என்று பார்த்தால், அந்த வட்டாரத்தின் உழைப்பு வரலாறும் கூடவே வந்து நிற்கும்.

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலையில்தான் ராணிப்பேட்டையும் வேலூரும் ஆம்பூரும் வாணியம்பாடியும் வரிசையாக இருக்கின்றன. சாலையின் சென்னைக் கோடியில், திருவொற்றியூரில், புல்லட் தொழிற்சாலை. மறுகோடியில், ஓசூரில், டிவிஎஸ். இந்த இரண்டு தொழிற்சாலைகளுக்கும் நடுவே ராணிப்பேட்டையிலும் ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் தயாரானது என்பது அந்த ஊர் இளைஞர்கள் பலருக்கே தெரியாது.

புல்லட்டின் கதை ஊரறிந்தது. எல்லைக் காவலுக்காக இந்திய அரசு 800 வண்டிகள் கேட்டது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ராணுவத்துக்கும் போலீசுக்கும் என்று வந்த அந்த வண்டி, புதிதாகப் பழகுபவரிடம் துளியும் இரக்கம் காட்டாது. 346 சிசி எஞ்சின், 160 கிலோவைத் தாண்டும் எடை. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்றவற்றுக்குக் கீழே மிதிக்க வேண்டும். கிளப்புவதே தனிக் கலை. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, டீகம்ப்ரசர் லீவரை அழுத்தி விட்டு, அப்புறம்தான் ஓங்கி மிதிக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். மைசூரிலிருந்து வந்த ஜாவாவும் பின்னால் வந்த யெஸ்டியும் எடையில் கொஞ்சம் சாது. ஆனால் அவற்றில் கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான்.

அந்த நாளில் டேனரித் தொழிலாளிக்கு இதெல்லாம் எட்டாத உயரம். சைக்கிளே பெரிய சொத்து. பாலாற்றங்கரையில் ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் பாதிப் பக்குவத்திலேயே கப்பலேறி, சீமையில் முழுப் பக்குவம் கண்ட காலம் அது. 1973-ல் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை போட்டது, பாதி பதனிட்ட தோலுக்கும் அளவு வைத்தது. முழுதாகப் பதனிட்ட தோலும் காலணியும் இங்கேயே தயாராக வேண்டிய நிலை வந்தது. ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் பெருகின. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் ஷிப்டுக்கு வரத் தொடங்கினார்கள். தைப்பதற்கான ஷூ மேல்பாகங்கள் மூட்டையாக வீடுகளுக்குப் போய்த் திரும்பின.

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தபோதுதான், 1980-ல், ஓசூரிலிருந்து டிவிஎஸ் ஃபிப்டி வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட். கிளட்ச் பிடிக்க வேண்டாம், கியர் மாற்ற வேண்டாம், சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும். முன்னால் மூட்டை வைக்கலாம். பெட்ரோல் செலவும் குறைவு. தோல் ஊர்களின் முதல் வண்டி எது என்ற கேள்விக்கு அந்தத் தலைமுறையின் பதில் இதுதான். புல்லட்டை அவர்களுக்குப் பிடிக்காமல் இல்லை. வேலைக்குப் போய்வரவும் சுமை ஏற்றவும் வீட்டில் நாலு பேர் மாற்றி மாற்றி ஓட்டவும் ஏற்றது மொபெட்தான்.

என்ஃபீல்டும் இதைக் கண்டுகொண்டது. 80-களின் தொடக்கத்தில், சிறிய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கென்றே ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையைக் கட்டியது. தொழில்நுட்பம் ஜெர்மனியின் சுன்டாப் நிறுவனத்துடையது. அங்கே பிறந்த சில்வர் பிளஸ் 50 சிசி வண்டி. சேலை கட்டியவரும் சிரமமில்லாமல் ஏறி உட்காரலாம், கியரைக் கையாலேயே மாற்றலாம். எக்ஸ்ப்ளோரரும் அதே 50 சிசிதான், ஆனால் தோற்றத்தில் முழு மோட்டார் சைக்கிள்: பெட்ரோல் டேங்க், கால் கியர், இளைஞர்கள் விரும்பும் உருவம். புதிதாகப் பழகுபவருக்கு அதைவிடப் பொருத்தமான வண்டியை அந்தக் காலத்தில் நினைத்துப் பார்ப்பது கடினம். கிளட்சும் கியரும் கற்றுக்கொள்ளலாம். விழுந்தாலும் தானே தூக்கி நிறுத்தலாம்.

இவற்றுக்கு மேலே ஃபியூரி. 163 சிசி, ஐந்து கியர், முன்சக்கரத்தில் இத்தாலியின் பிரெம்போ டிஸ்க் பிரேக். டிரம் பிரேக் மட்டுமே பார்த்திருந்த ஊருக்கு அது ஆச்சரியம்தான்.

இவ்வளவும் இருந்தும் அவை ஏன் நிலைக்கவில்லை? காலம் ஒத்துழைக்கவில்லை. 1984-ல் சுன்டாப் திவாலானது. அதே ஆண்டு ஓசூரிலிருந்து இன்ட்-சுசுகி கிளம்பியது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 இரண்டும் வந்தன. ஜப்பானிய 100 சிசி வண்டிகள் எடையில் லேசு, ஒரு மிதியில் கிளம்பும், கியர் இடது காலில். சிடி 100 குறைவாகக் குடித்தது, ஆர்எக்ஸ் 100 பாய்ந்தது. முதல் வண்டி வாங்குபவரின் கண் அந்தப் பக்கம் போனதில் வியப்பில்லை. 1994-ல் என்ஃபீல்டு ஐஷர் நிறுவனத்தோடு இணைந்தது. பிறகு அதன் கவனம் புல்லட் மேலேயே நின்றது. ராணிப்பேட்டையின் குட்டி வண்டிகள் சத்தமில்லாமல் மறைந்தன. புல்லட்டுக்குக் கிடைத்த புகழில் நூறில் ஒரு பங்குகூட அவற்றுக்குக் கிடைக்கவில்லை என்பது வருத்தமான அநியாயம்.

இன்றைய சட்டத்திலும் அந்தச் சிறிய வண்டிகளின் அளவு இருக்கிறது. 16 வயது நிரம்பியவர் 50 சிசிக்கு மேற்படாத வண்டியைத்தான் ஓட்டலாம், அதற்கு மேல் என்றால் 18 ஆக வேண்டும். 50 சிசி வண்டிகளோ கடைகளில் அநேகமாக இல்லை. எக்ஸ்எல்கூட 2015-ல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 ஆகிவிட்டது. ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போடும்போது, கனமான வண்டியோடு வந்தவர் திணறுவதையும் சின்ன வண்டிக்காரர் காலை ஊன்றாமல் சுற்றி வருவதையும் யாரும் பார்க்கலாம். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், சாய்ந்தால் தனியாக நிமிர்த்த முடிய வேண்டும். முதல் வண்டிக்கு இவை இரண்டும்தான் அளவுகோல். குதிரைத்திறன் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லாரிகள் சீறும் இந்த நெடுஞ்சாலையில், தலையில் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட் இல்லாமல் எந்த வண்டியும் பாதுகாப்பானதல்ல.

2021-ல் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஆம்பியர் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை திறக்கப்பட்டது. கோவையில் தொடங்கிய நிறுவனம் அது. எடை குறைந்த வண்டிகள், இம்முறை கியர் இல்லாமல், மறுபடியும் அதே ஊரிலிருந்து வெளியே போகின்றன. பழைய தொழிற்சாலையின் நினைவைச் சேர்த்து வைக்க இதுவே சரியான நேரம். உங்கள் வீட்டுப் பின்கட்டில் சில்வர் பிளஸோ எக்ஸ்ப்ளோரரோ துருப்பிடித்து நின்றால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆர்சி புத்தகம், பழைய புகைப்படம், அங்கே வேலை பார்த்தவரின் அடையாள அட்டை எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகம் அந்தக் குட்டி வண்டிகளில் ஒன்றையாவது வாங்கி வைக்க முன்வர வேண்டும்.