வேமோர்க் கனநீர்ப் போர்த்தலச் சுற்றுலா

தென் நார்வேயின் தெலமார்க் பகுதியில், ரியூக்கான் என்னும் சிறு தொழில் நகரையும் அதையடுத்த வேமோர்க் நீர்மின் நிலையத்தையும் மையமாகக் கொண்டு நடைபெறும் வரலாற்றுச் சுற்றுலா இது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியரின் அணுவாய்வுக்குக் கனநீர் கிடைக்காமல் தடுக்க நேச நாடுகளும் நார்வே எதிர்ப்பியக்கமும் 1942 முதல் 1944 வரை இங்கே தொடர்ந்து தாக்குதல்கள் நடத்தின. அவை நடந்த ஆலை, பள்ளத்தாக்கு, மலைப்பாதை, ஏரி ஆகியவற்றை வழிகாட்டிகளின் துணையோடு இன்று பார்க்கலாம். ஐரோப்பாவின் போர்த்தலங்கள் பலவற்றில் நிலம் வெறும் பின்புலமாகவே இருக்கிறது. இங்கே அப்படியில்லை. ஆலை இந்த இடத்தில் எழுந்ததற்கும், அதை நெருங்குவது கடினமானதற்கும், தாக்கியவர்கள் உயிரோடு தப்பியதற்கும் காரணம் ஒன்றே: இந்த மலைநிலத்தின் அமைப்பு.

நிலமும் ஆலையும்

ரியூக்கான் ஒரு குறுகிய, ஆழமான பள்ளத்தாக்கின் அடியில் நீண்டு கிடக்கிறது. நடுவே மோனா ஆறு ஓடுகிறது. தெற்கே 1,883 மீட்டர் உயரமுள்ள கௌஸ்தாதொப்பன் மலை வெயிலை மறைத்து நிற்பதால் செப்டம்பர் இறுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நகரத்தின் மீது நேரடி வெயில் படாது. வடக்கே மலைவிளிம்பைத் தாண்டினால் ஹார்டாங்கர்விட்டா என்னும் மரமற்ற பெரும் பீடபூமி விரிகிறது. காட்டுப் பனிமான்கள் திரியும் அந்தப் பரப்பின் பெரும்பகுதி 1981 முதல் தேசியப் பூங்காவாக இருக்கிறது.

சுற்றுலா இங்கே தொழிற்சாலைக்கும் மூத்தது. ரியூக்கான் அருவியைப் பார்க்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பயணிகள் வந்தார்கள். 1868இல் தொடங்கப்பட்ட நார்வே மலைநடைச் சங்கம் தன் முதல் தங்குமனையை அமைத்ததும் இந்த அருவியருகே கிரோக்கான் என்ற இடத்தில்தான். பிறகு அந்த அருவியே குழாய்க்குள் போனது. சாம் ஐடே என்ற பொறியாளர் முன்னின்று 1905இல் நிறுவிய நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம், காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து உரம் செய்ய மலிவான மின்சாரம் தேடி இங்கே வந்தது. 1911இல் இயங்கத் தொடங்கியபோது வேமோர்க்தான் உலகின் மிகப் பெரிய மின் நிலையம். மலைச்சரிவில் இறங்கும் பதினொரு பெருங்குழாய்களும், கோட்டையைப் போல எழுந்த அதன் கல் முகப்பும் இன்றும் தொலைவிலிருந்தே கண்ணில் படும்.

அமோனியா உற்பத்திக்குத் தேவையான ஹைட்ரஜனுக்காக 1929இல் மின் நிலையத்தின் முன்னால் மின்பகுப்பு ஆலையொன்று எழுந்தது. இயற்கை நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ ஆறாயிரத்து சொச்சத்தில் ஒன்றுதான் டியூட்டீரியம். தண்ணீரைத் திரும்பத் திரும்ப மின்பகுப்புக்கு உட்படுத்தினால் எஞ்சும் நீரில் அது செறிந்துகொண்டே போகும். வேதியியலாளர்களான லேஃப் துரோன்ஸ்டாட், யோமார் புருன் ஆகியோரின் யோசனைப்படி 1934 முதல் இங்கே கனநீர் பிரிக்கப்பட்டது. வணிக அளவில் அதைச் செய்த இடம் உலகில் அப்போது வேறில்லை. அணுவுலையில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கக் கிராஃபைட் பயன்படாது என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் தவறாக முடிவு செய்திருந்ததால் அவர்களுக்குக் கனநீரை விட்டால் வழியில்லை. 1940 மார்ச்சில் வேமோர்க்கில் இருந்த கையிருப்பு முழுவதையும், அதாவது 185 கிலோவை, பிரெஞ்சு உளவுத்துறை பெற்று வெளியேற்றிவிட்டது. அடுத்த மாதம் 9ஆம் தேதி ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தது.

தாக்குதல்கள்

1942 அக்டோபர் 18 அன்று பௌல்சன், ஹௌக்லாந்து, ஷெல்ஸ்ட்ரூப், ஹெல்பெர்க் என்ற நான்கு நார்வேயர் பாராசூட்டில் ஹார்டாங்கர்விட்டாவில் இறங்கினர். (இவர்களில் ஹௌக்லாந்து, 1947இல் பசிபிக்கைக் கடந்த கோன்-டிக்கி தெப்பத்தின் ஆறு பேரில் ஒருவர்.) நவம்பர் 19 அன்று அவர்களோடு சேர வேண்டிய பிரிட்டிஷ் படை, ஸ்காட்லாந்திலிருந்து இரண்டு கிளைடர்களில் புறப்பட்டது. இரண்டும், அவற்றை இழுத்து வந்த விமானங்களில் ஒன்றும், தென்மேற்கு நார்வேயில் விழுந்து நொறுங்கின. உயிர் தப்பியவர்களை, ஹிட்லரின் கமாண்டோ ஆணைப்படி ஜெர்மானியர் கொன்றனர். மாண்டவர்கள் மொத்தம் 41 பேர்.

அதன் பின் பீடபூமியில் காத்திருந்த நால்வரும் உணவு தீர்ந்து, பாறைகளில் படரும் பனிமான் பாசியைத் தின்று நாள் கடத்தினர். கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு பௌல்சன் ஒரு பனிமானைச் சுட்டு வீழ்த்தியதால்தான் பிழைத்தனர். மூஸ்வத்ன் அணைக் காவலரின் மகனான ஐனார் ஷின்னர்லாந்து அவர்களுக்குத் துணையாக இருந்தார்.

1943 பிப்ரவரி 16 அன்று 23 வயதே ஆன யோகிம் ரோன்னபெர்க்கின் தலைமையில் மேலும் அறுவர் இறங்கினர். பனிப்புயலில் சில நாள் ஒரு வேட்டைக் குடிலில் அடைந்து கிடந்த பிறகு முந்தைய குழுவைச் சந்தித்தனர். ஆலைக்குள் கனநீர்க் கலங்கள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பது அவர்களுக்கு மனப்பாடம். பிரிட்டனுக்குத் தப்பிவந்திருந்த துரோன்ஸ்டாடும் புருனும் சொன்ன விவரத்தை வைத்து மரத்தில் மாதிரி செய்து பயிற்சி எடுத்திருந்தனர்.

ஆலைக்குச் செல்ல இயல்பான வழி பள்ளத்தின் மேலே தொங்கும் பாலம். அதில் காவலர் நின்றனர். மறுபக்கம் செங்குத்தான பாறை. அந்த வழியே யாரும் வர முடியாது என்று ஜெர்மானியர் நம்பினர். ஆனால் வான்படங்களில் பாறைச்சரிவில் மரங்களும் புதர்களும் தெரிந்தன. மரம் நிற்கிற சரிவில் ஆளும் ஏறலாம் என்பது கணக்கு. ஹெல்பெர்க் தனியாகப் போய்ப் பார்த்து ஒரு தடத்தை உறுதி செய்துவந்தார். பிப்ரவரி 27 இரவு ஒன்பது பேர் பள்ளத்தில் இறங்கி, உறைந்த ஆற்றைக் கடந்து, மறுபுறம் ஏறி, சரக்கு ரயில் பாதை வழியாக ஆலையை அடைந்தனர். ரோன்னபெர்க்கும் ஃப்ரெட்ரிக் காய்சரும் கம்பிவடச் சுரங்கத்தில் தவழ்ந்து நிலவறைக்குள் புகுந்தனர். மற்ற இருவர் சன்னல் வழியே வந்துசேர்ந்தனர். உள்ளே இருந்த நார்வே காவலாளி, திரி பற்றவைக்கப்படவிருந்த நேரத்தில் தன் மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று தேடச் சொன்னதும், அவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தேடிக் கொடுத்ததும் எந்த வழிகாட்டியும் விட்டுவிடாத கதை. இரண்டு நிமிடத் திரியை வெட்டி முப்பது விநாடியாகக் குறைத்தார் ரோன்னபெர்க். பதினெட்டுக் கலங்களும் உடைந்து, சுமார் 500 கிலோ கனநீர் வடிகாலில் போனது. ஒரு தோட்டாகூடச் சுடப்படவில்லை. உள்ளூரார் பழிவாங்கப்படாமல் இருக்க, இது பிரிட்டிஷ் படையின் வேலை என்று காட்ட ஒரு துப்பாக்கியை அங்கேயே விட்டுச் சென்றனர். ஐந்து பேர் சீருடையோடு பனிச்சறுக்குப் பலகைகளில் ஸ்வீடன் வரை போனார்கள்.

இதோடு கதை முடியவில்லை. சில மாதங்களில் கலங்கள் மீண்டும் இயங்கின. 1943 நவம்பர் 16 அன்று அமெரிக்க விமானங்கள் பகலில் பெருந்தாக்குதல் நடத்தின. மின் நிலையம் சேதமடைந்தது. கான்கிரீட் தளங்களுக்குக் கீழே இருந்த கனநீர் அறைக்கு ஒன்றும் ஆகவில்லை. குண்டுக்கு ஒதுங்கியிருந்த பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தனர். தனக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை என்று லண்டனிலிருந்த நார்வே அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. ஆலையைக் கைவிட்ட ஜெர்மானியர் எஞ்சிய கனநீரைப் பீப்பாய்களில் அடைத்து ஜெர்மனிக்கு அனுப்ப முடிவு செய்தனர். அதற்குத் தின்ஷோ ஏரியை, ரயில் பெட்டிகளை ஏற்றிச்செல்லும் ‘ஹைட்ரோ’ படகில் கடக்க வேண்டும். 1944 பிப்ரவரி 20, ஞாயிற்றுக்கிழமை. எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்த குனுட் ஹௌகெலிட்டும் உள்ளூர்த் துணைவர்களும் முந்தைய இரவு வைத்திருந்த வெடி, அலாரக் கடிகாரத்தின் தூண்டலில் வெடித்தது. படகு ஏரியின் ஆழமான பகுதியில் மூழ்கியது. கூட்டம் குறைவான நாள் என்றே ஞாயிறு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தும் பதினெட்டுப் பேர் இறந்தனர். அவர்களில் பதினான்கு பேர் நார்வே மக்கள்.

இன்றைய சுற்றுலாத் தலங்கள்

பழைய மின் நிலையம் 1971இல் ஓய்ந்தது. மின்னாக்கம் மலைக்குள் குடையப்பட்ட புதிய நிலையத்துக்கு மாறியது. பழைய கட்டடத்தில் நார்வே தொழிலாளர் அருங்காட்சியகம் 1988 முதல் இயங்குகிறது. பெயர் சொல்வதுபோலவே இதன் முதல் அக்கறை போர் அல்ல. உரத் தொழில், தொழிற்சங்கங்கள், ஆலைத் தெருக்களின் வாழ்க்கை ஆகியவையும் சம இடம் பெறுகின்றன. வெளிநாட்டுப் பயணிகள் பலர் அவற்றை விரைந்து கடந்து போர்க் கூடத்துக்குப் போய்விடுகிறார்கள். அது அவர்களுக்குத்தான் இழப்பு. இயந்திரக் கூடத்தில் வரிசையாக நிற்கும் பெரிய ஜெனரேட்டர்களைப் பார்த்த பிறகே, ஒரு மூலப்பொருளுக்காக இத்தனை மின்சாரம் செலவழிக்க வேறெந்த இடத்தாலும் ஏன் முடியவில்லை என்பது புரியும்.

தாக்குதல் நடந்த மின்பகுப்பு ஆலை 1977இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வரலாற்று உணர்வுள்ள நாடு என்று பெயர்பெற்ற நார்வே, தன் போர்க்கால நினைவில் மிகப் புகழ்பெற்ற கட்டடத்தைத் தானே இடித்தது சற்று வியப்பானதுதான். நிலவறை இடிபாடுகளுக்கு அடியில் அழியாமல் கிடந்தது. 2017 முதல் நடந்த அகழ்வில் அது வெளிப்பட்டது. இப்போது அதன்மேல் பாதுகாப்புக் கட்டடம் எழுப்பப்பட்டு, வழிகாட்டியோடு பார்க்க முடிகிறது. வேமோர்க்கில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் அது இதுவாகவே இருக்க வேண்டும். திரைப்படங்கள் காட்டும் பிரம்மாண்டம் எதுவும் இங்கில்லை, அறை சிறியது.

ரியூக்கானுக்கு மேற்கே உள்ள மலைவிடுதியிலிருந்து ஃபியோஸ்புதாலன் வழியாக வேமோர்க் வரை, தாக்குதல் குழு வந்த தடத்தையொட்டிக் குறியிடப்பட்ட நடைபாதை உள்ளது. கோடையில் வழிகாட்டிகள் குழுக்களை அழைத்துச் செல்கிறார்கள். பள்ளத்தின் விளிம்பில் நின்று எதிரே ஆலையைப் பார்க்கும்போது, எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதும் இடையில் எவ்வளவு ஆழம் என்பதும் ஒருசேர உறைக்கும். கோடைப் பாதை ஒரு பெரிய உண்மையை மறைத்தும் விடுகிறது. அவர்கள் நடந்தது இருட்டில், இடுப்பளவு பனியில், முதுகில் வெடிச்சுமையோடு. அதை ஓரளவேனும் உணர விரும்புவோருக்குக் குளிர்காலத்தில் ஹார்டாங்கர்விட்டாவில் நடத்தப்படும் பல நாள் பனிச்சறுக்குப் பயணங்கள் உண்டு. பனிச்சறுக்கில் தேர்ச்சி இல்லாதவர்களுக்கு அவை உகந்தவை அல்ல. பீடபூமியின் வானிலை இன்றும் அதே வானிலைதான்.

குரோசோபானன் என்னும் கம்பிவட ஊர்தி, வெயில் காணாத நகர மக்களை மலைமேல் கொண்டுசெல்ல நோர்ஸ்க் ஹைட்ரோ 1928இல் கட்டிக்கொடுத்தது. வெடித்த பின் தாக்குதல் குழு மேலே ஏறித் தப்பியது இந்தக் கம்பிவடத்தின் கீழே வளைந்து வளைந்து செல்லும் ரியே பாதையில்தான். இன்று ஊர்தியில் சில நிமிடங்களில் ஏறிவிட்டு, அந்தப் பாதையில் நடந்து இறங்குவது எளிய வழி. ஜெர்மானியர் மறுநாள் தேடத் தொடங்கியபோது தாக்குதல் குழுவினர் அந்தப் பாதையைக் கடந்து பீடபூமியில் மறைந்திருந்தார்கள்.

தின்ஷோ ஏரியின் மேற்குக் கரையில் ‘மேல்’ என்னும் ஊரின் படகுத்துறை உள்ளது. மூழ்கிய படகின் தோழமைக் கப்பலான, 1929இல் கட்டப்பட்ட ‘அமோனியா’ என்ற நீராவிப் படகு அங்கே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. இந்தப் படகுகள் இணைத்த ரயில் பாதை 1991இல் மூடப்பட்டது. ‘ஹைட்ரோ’ இன்னும் 430 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பார்வையாளர் எவரும் அதை நெருங்க முடியாது. ரியூக்கான், நோட்டோடன் நகரங்களின் தொழில் மரபிடங்கள் 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது இந்த ரயில் பாதையும் படகுகளும் அதில் அடங்கின.

சொல்லப்படும் விதம்

ரோன்னபெர்க்கின் இரவு சுற்றுலாக்களின் உச்சமாக இருப்பது இயல்பு. அதில் துணிவுண்டு, திட்டமுண்டு, உயிர்ச்சேதம் இல்லை. அதே கையோடு ஏரியின் கதையைச் சொல்வது கடினம். படகை மூழ்கடிப்பது தேவைதானா என்று உள்ளூர் எதிர்ப்பியக்கத்தினர் லண்டனைக் கேட்டார்கள். லண்டன் ஆம் என்றது. தம் ஊரார் ஏறப்போகும் படகில் வெடிவைத்தவர்களின் சுமை வேறு வகையானது. நல்ல வழிகாட்டி இரண்டுக்கும் நேரம் ஒதுக்குவார். ஒரு மணி நேரச் சுற்றில் பெரும்பாலும் முதலாவது மட்டுமே இடம்பெறுகிறது.

இந்தத் தாக்குதல்கள் ஹிட்லரின் அணுகுண்டைத் தடுத்தன என்ற கூற்றையும் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். 1942 கோடையிலேயே ஜெர்மனி குண்டுக்கான பெருந்திட்டத்தைக் கைவிட்டிருந்தது. 1945 வரை அதனால் தானே தொடர்ந்து இயங்கும் ஓர் அணுவுலையைக்கூட அமைக்க முடியவில்லை. 1943இல் நேச நாடுகளுக்கு இது தெரியாது. தாக்கியவர்கள் அன்று அறிந்திருந்ததை வைத்தே அவர்கள் செயலை மதிப்பிட வேண்டும் என்பது இன்றைய வரலாற்றாசிரியர் பலரின் நிலை.

1948இல் வந்த நார்வே-பிரெஞ்சுப் படத்தில் உண்மையான வீரர்கள் சிலரே தம் வேடத்தில் நடித்தனர். கிர்க் டக்ளஸ் நடித்த 1965ஆம் ஆண்டின் ஹாலிவுட் படம் ரியூக்கானிலேயே எடுக்கப்பட்டது. அதிலுள்ள துப்பாக்கிச் சண்டைகள் வேமோர்க்கில் நடக்காதவை. நார்வேத் தொலைக்காட்சியின் 2015 தொடர் புதிய தலைமுறைப் பயணிகளைக் கொண்டுவந்தது. தாக்குதல் குழுவின் கடைசி உறுப்பினரான ரோன்னபெர்க் 2018இல் 99 வயதில் மறைந்தார்.

பயணக் குறிப்பு

ஓஸ்லோவிலிருந்து ரியூக்கானுக்குச் சாலை வழியே சுமார் மூன்று மணி நேரம். தொங்குபாலத்தருகே வண்டியை நிறுத்திவிட்டு மேட்டில் நடந்து அருங்காட்சியகத்தை அடைய வேண்டும். அன்று காவலர் நின்ற அதே பாலத்திலிருந்து இன்று கோடையில் கயிறு கட்டிக் குதிக்கிறார்கள். இதைச் சிலர் குறை சொல்வதுண்டு. ஊருக்கு அது வருமானம். நடைபாதைகளுக்கு ஜூன் இறுதி முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். குளிர்காலத்தில் வருவோர் நகரச் சதுக்கத்தில், மலைமேல் 2013இல் நிறுவப்பட்ட மூன்று பெரிய கண்ணாடிகள் திருப்பியனுப்பும் வெயிலில் நிற்கலாம். கிளைடர்கள் விழுந்த இடங்களையும் அவற்றில் மாண்டோரின் கல்லறைகளையும் காண விரும்புவோர் தனியாகத் தென்மேற்குக் கரைக்கு, ஸ்தவாங்கர் பகுதிக்குச் செல்ல வேண்டும். ரியூக்கான் சுற்றுலாக்களில் அவை அடங்குவதில்லை.