அடுப்புப் புகையும் அரசாணையும்

முத்துக்குளித்துறை என்று உலகு புகழ்ந்த தூத்துக்குடிக் கரையிலே நின்று, அந்தி வேளையில் ஊரைத் திரும்பிப் பாருங்கள். இருவகைப் புகை கண்ணிற் படும். ஒன்று, வான்முட்டும் புகைபோக்கியின் புகை. மற்றொன்று, குடிசைக் கூரைவழிக் கசியும் விறகுப் புகை. முதற் புகைக்கு உரிமம் உண்டு, பொறியாளர் உண்டு, வழக்கறிஞர் உண்டு. இரண்டாம் புகைக்கோ ஒரு தாய் மட்டுமே உண்டு, கையில் ஊதுகுழலும் சிவந்த கண்களுமாக!

பெரும் புகையை இவ்வூர் எதிர்த்த கதையை நாடறியும். 2018 மே 22, 23 நாட்களில் 13 உயிர்கள் துப்பாக்கிக்கு இரையாயின. அதன் பின்னரே, மே 28இல், தாமிர ஆலையை மூட ஆணை பிறந்தது. நாம் இங்கே பேச வந்தது சிறு புகையைப் பற்றி. காற்று கெட்ட நாளில் "அடுப்பை அணை" என்று ஆணையிட்டால் என்ன நேரும்?

வரலாறு விடை வைத்திருக்கிறது. 1307இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு, இலண்டன் காளவாய்க்காரர் நிலக்கரி எரித்தல் ஆகாது, சுள்ளியும் மரக்கரியுமே எரித்தல் வேண்டும் என்றான். ஆம், அன்று நல்ல எரிபொருள் விறகு! ஆனால் விறகு விலையேறிய நகரிலே மலிவான கரியை யார் விடுவார்? ஆணை ஏட்டில் உறங்கிற்று; காளவாய் புகைந்துகொண்டே இருந்தது.

பின்னர் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை அதே இலண்டனைப் புகைப்பனி மூடியது. மாண்டவர் 4,000 பேர் என்றனர் முதலில். 12,000 வரை இருக்கலாம் என்றது பிந்திய ஆய்வு. வீட்டுக் கணப்புகளின் கரிப்புகைக்கு அதிலே பெரும்பங்கு. எனவே 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வீட்டுப் புகைபோக்கி புகை கக்குவதும் குற்றமாயிற்று. தோழர்களே, அச்சட்டத்தின் உயிர் தண்டனைப் பிரிவில் இல்லை. கணப்பை மாற்றியமைக்கும் செலவில் பத்தில் ஏழு பங்கைப் பொதுப்பணத்திலிருந்து திருப்பித் தருக என்றதே, அங்கே இருக்கிறது உயிர்!

நம் நாட்டிலும் அதிகாரம் உண்டு. 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஒரு பகுதியில் குறிப்பிட்ட எரிபொருளைத் தடை செய்ய மாநில அரசுக்கு இடம் தருகிறது. தில்லிக்கென 2017இல் வகுத்த படிநிலைத் திட்டம் உணவகங்களின் விறகு, கரி அடுப்புகளைத் தடுத்தது. குளிர்காயச் சுள்ளி மூட்டும் காவலர்க்கு மின்கணப்பு தருக என்றும் சொல்லிற்று. அந்த ஒரு வரியில் அறிவு இருக்கிறது.

தமிழகமோ தடையே போடாமல் தொடங்கியது. 2006 தேர்தல் வாக்குறுதியாகி 2007இல் நடைமுறைக்கு வந்த இலவச எரிவாயு அடுப்புத் திட்டம், "விறகை எரிக்காதே" என்று அதட்டவில்லை. அடுப்பைக் கையிலே கொடுத்தது. இலவசமா என்று ஏளனம் செய்தோர் இருந்தனர். அடுக்களைப் புகையில் அரை நாழிகை நின்றறியாத ஆடவரின் ஏளனம் அது!

கடற்காற்று அடிக்கும் ஊரிலே புகை நில்லாது என்பார் சிலர். காற்று அடிப்பது தெருவிலே, சன்னலற்ற அடுக்களையிலா? வீட்டினுள் எழும் நிலக்கரிப் புகை புற்றுநோய்க்குக் காரணம், விறகுப் புகை காரணமாகக்கூடியது என்று 2006இலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. "பெண்ணாய்ப் பிறந்தால் புகை தின்ன வேண்டும், தலைவிதி" என்று இன்னமும் சொல்லும் பாட்டிமாருக்கு, இது விதியன்று, விறகு என்று நாம் சொல்லி வருகிறோம்.

ஆயினும் நம் வகுப்புப் பிள்ளைகள் சிலரின் சீருடையில் இன்றும் புகை மணக்கிறது. மழை பெய்தால் உப்பளத்தில் வேலை இல்லை. ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்நாட்களில் எரிவாயு உருளைக்குப் பணம் ஏது? சீமைக் கருவேலமோ காசின்றிக் கிடைக்கிறது, வெட்டும் கை இருந்தால் போதும்.

அண்மையில் மாணவன் ஒருவன் வீட்டிற்குச் சென்றிருந்தோம். எரிவாயு அடுப்பு துணி போர்த்தி ஒரு மூலையில் இருந்தது. "யாராவது வந்தால் மட்டும் பற்றவைப்போம் ஐயா" என்றார் அவன் தாய். நமக்குத் தேநீர் அதிலேதான் வந்தது. சோற்றுப்பானை பின்கட்டில், விறகில் கொதித்துக்கொண்டிருந்தது.