தீப்பெட்டி ஓரத்துல ஒரு பட்டை

வீட்ல தீப்பெட்டி இருந்தா எடுத்துப் பாருங்க. குச்சியை சுவரில் உரசினால் பற்றாது. பெட்டி ஓரத்துப் பட்டையில் உரசினால்தான் பற்றும். ஏன் இப்படி?

1830-களில் வந்த குச்சிகளின் தலையில் வெள்ளை பாஸ்பரஸ் இருந்தது. எங்கே உரசினாலும் பற்றும், விலையும் மலிவு. ஆனால் கொடும் விஷம். தொழிற்சாலையில் அந்தப் புகையை வருஷக்கணக்கில் சுவாசிச்சவங்களுக்கு முதலில் பல்வலி வரும். அப்புறம் ஈறு வீங்கி, சீழ் வச்சு, தாடை எலும்பே செத்துப்போகும். பக்கத்தில் உட்கார முடியாத நாற்றம். செத்த எலும்பை அறுத்து எடுப்பதுதான் வைத்தியம். 1845-லேயே வியன்னா மருத்துவர் லோரின்ஸர் இதை எழுதி வச்சுட்டார்.

(2003 வாக்கில், எலும்புக்குத் தரும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகளால் சிலருக்குத் தாடை எலும்பு அழுகுவதைப் பார்த்தப்போ, டாக்டர்களுக்கு இந்தப் பழைய நோய்தான் ஞாபகம் வந்தது.)

மாற்று வழி வந்தது ஸ்வீடனில். பாஸ்பரஸைக் குச்சியில் வைக்காமல் பெட்டியில் பூசலாம் என்று 1844-ல் பாஷ் காப்புரிமை வாங்கினார். லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைச் செம்மைப்படுத்தி, விஷமில்லாத சிவப்பு பாஸ்பரஸில் செய்து 1855 பாரிஸ் கண்காட்சியில் வச்சாங்க. யோசிச்சுப் பாருங்க: குச்சிக்குக் குச்சி பாஸ்பரஸ் வேண்டாம், பெட்டிக்கு ஒரு பட்டை போதும். பாக்கெட்டில் தானாகப் பற்றுகிற ஆபத்தும் போச்சு.

அதே 1855-ல் லண்டனின் பிரையன்ட் அண்ட் மே கம்பெனி இதன் பிரிட்டிஷ் உரிமையை வாங்கியது. அதாவது பாதுகாப்பான வடிவம் கையிலேயே இருந்தது! ஆனாலும் மலிவான வெள்ளை பாஸ்பரஸ் குச்சியையும் விடல. 1888-ல் அங்கே பெண்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. விஷம் படாத தனி இடத்தில் சாப்பிடும் உரிமை அதில் கிடைத்தது; விஷம் அப்படியேதான் இருந்தது. தாடை நோயாளிகளை அரசிடம் சொல்லாமல் மறைச்சதுக்காக 1898-ல் கம்பெனிக்கு அபராதம். 1901-ல்தான் நிறுத்தினாங்க. உரிமை வாங்கி 46 வருஷம் கழிச்சு!

1906-ல் பெர்ன் நகரில் தடை ஒப்பந்தம். இந்தியாவில் 1913-ல் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சி தடைச் சட்டம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்து சிவகாசியில் ஆரம்பித்தது 1923 வாக்கில். தீ விபத்து, குழந்தைத் தொழிலாளர் என்று சிவகாசி பட்ட துயரம் வேற; அதுக்குத் தனி த்ரெட் வேணும். ஆனால் அந்த ஊருக்குத் தீப்பெட்டி வரும்போதே வெள்ளை பாஸ்பரஸுக்குத் தடை வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது.