கலச்சுவாசம் பற்றிய மாணவர் தப்பெண்ணங்களின் வரலாற்று வேர்கள்

குளுக்கோசு முதலிய சேதனப் பொருள்கள் கலங்களுள் படிப்படியாக உடைக்கப்பட, அவற்றில் அடங்கிய சக்தியின் ஒரு பகுதி ஏ.ரி.பி. என்னும் மூலக்கூறுக்கு மாற்றப்படுவதே கலச்சுவாசம் ஆகும். இதனை மூச்சுவிடுதலோடு ஒன்றாகக் கொள்வதும், இது நுரையீரலில் நிகழ்வதாக எண்ணுவதும், தாவரங்கள் இரவில் மட்டுமே சுவாசிக்கின்றன என எழுதுவதும் பல நாட்டு மாணவரிடத்தும் காணப்படும் தப்பெண்ணங்கள். கவனக்குறைவென இவை ஒதுக்கப்படுவதே வழக்கமாயினும், இவற்றுட் சில தலைசிறந்த ஆய்வாளரே ஒரு காலத்தில் சான்றுகாட்டி ஏற்றிருந்த கருத்துகளாகும்.

1783இல் இலவோசியரும் இலப்பிளாசும் கினிப்பன்றியொன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் வைத்து, உருகிய பனியின் அளவையும் வெளிவந்த காபனீரொட்சைட்டின் அளவையும் ஒப்பிட்டு, சுவாசம் மெதுவான தகனமே என்று நிறுவினர். எனினும் அத்தகனம் நடக்கும் இடமாக இலவோசியர் நுரையீரலையே கருதினார். உடலின் வெப்பம் முழுவதும் அங்கேயே வெளிப்படுமாயின் நுரையீரல் தாங்காது என்று இலக்ராஞ்சு எழுப்பிய ஐயம் 1791இல் அச்சேறியது. இன்றைய வகுப்பறையிலும் எழுப்பத்தக்க மிகச் சிறந்த வினா அதுவே. நுரையீரல் இல்லையெனில் தகனம் நடப்பது குருதியிலா, இழையத்திலா என்ற விவாதமோ இன்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிறீன், கற்றரின் உடலியல் நூலைத் தமிழில் வெளியிட்ட 1852இலும் அது தீர்ந்திருக்கவில்லை. பொன் நகரில் பிளூகர் 1870களில் நடத்திய ஆய்வுகளும், குருதியை அகற்றி உப்புக்கரைசல் செலுத்தப்பட்ட தவளையும் முன்போலவே ஒட்சிசனைப் பயன்படுத்துகிறது என 1877இல் எர்ட்மன் காட்டியதும் இழையங்களின் பக்கமே தீர்ப்பளித்தன.

அடுத்த நூற்றாண்டில், சுவாசத்தின் ஒரு கட்டமாகிய கிரெப்ஸ் வட்டம் 1937இல் விளக்கப்பட்டது. அதன் தாக்கங்கள் இழைமணியில் நிகழ்வதைக் கென்னடியும் லெனிஞ்சரும் 1940களின் இறுதியில் காட்டினர். இதிலிருந்தே சுவாசம் முழுவதும் இழைமணியில் நிகழ்கிறது என்ற புதிய தப்பெண்ணம் மாணவரிடம் பிறக்கிறது. ஆனால் குளுக்கோசு பைருவேற்றாக உடையும் முதற்கட்டமாகிய கிளைக்கோபகுப்பு குழியவுருவிலேயே நடைபெறுகிறது.

தாவரம் பற்றிய குழப்பம் வேறு வகையினது. ஒளியில் இலைகள் காற்றைத் தூய்மையாக்குவதையும் இருளில் அதனைக் கெடுப்பதையும் 1779இல் இங்கன்ஹௌசு கண்டார். பகலில் ஒளித்தொகுப்பு வெளிவிடும் ஒட்சிசன் சுவாசத்தை மறைத்துவிடுவதால், இரவில் கண்டதே மாணவரின் முழுமுடிபாகி விடுகிறது. முளைக்கும் வித்துகள் ஒட்சிசனை உள்ளெடுப்பதை 1804இல் சோசூர் எடுத்துரைத்தார். ஒளித்தொகுப்பு இன்னும் தொடங்காத வித்தில் சுவாசம் மறைவதற்கு வழியில்லை.

வித்தின் சுவாசத்துக்கு அது வெளிவிடும் வெப்பமும் சான்று; இது முல்லைத்தீவு மாவட்டத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் கையால் தொட்டறிந்த ஒன்று. சேற்று விதைப்புக்கென ஊறவைத்து, நீர்வடித்து, ஈரச்சாக்கில் கட்டி வைக்கும் விதைநெல் முளைவிடும்போது, சாக்கினுள் கைவிட்டால் சூடு நன்கு தெரியும். காற்றோட்டமின்றி நெருக்கிக் கட்டினால் நெல் புழுங்கிக் கெட்டுவிடும் என்பதால் இடையிடையே கிளறியும் விடுவர். 2009இல் போரின் இறுதிக் களமாகி அனைத்தையும் இழந்த முள்ளிவாய்க்கால் போன்ற ஊர்களின் வகுப்பறைக்கு, விலையுயர்ந்த கருவி வேண்டாத இப்பரிசோதனை மிகவும் பொருந்தும். முளைநெல்லை ஒரு வெப்பக்குடுவையிலும், அவித்து ஆறவைத்துக் கிருமிநீக்கிய நெல்லை மற்றொன்றிலும் இட்டு, வெப்பமானி செருகிப் பஞ்சால் அடைத்து வைத்தால், முதலாவதில் மட்டுமே வெப்பநிலை ஏறும். நுரையீரலும் மூச்சும் இல்லாத நெல்மணியில் அவ்வெப்பம் எங்கிருந்து வந்தது என்பதை மாணவர் பாடநூலைத் திறப்பதற்கு முன்பே தம்முள் வாதிட்டு எழுத வேண்டும்.