கதவுக்கு உள்ளே நடப்பதை யார் பார்ப்பது?

'கெயார் விசா' எண்டா என்னவெண்டு எங்கட ஊரில இப்ப ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2022 பெப்ரவரியில் பிரித்தானியா பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசாவைத் திறந்துவிட, எங்கட வயதுக்காரர் கனபேர் ஏஜென்சிகளின் படியேறினார்கள். 2024 மார்ச்சில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகேலாது எண்டாச்சு. 2025 யூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதும் நின்றது. விசாவைப் பற்றி எல்லாரும் கதைத்தோம். அந்த வேலைக்கு ஒரு வரலாறு இருக்கிறதை நாங்கள் யோசிக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946இன் தேசிய சுகாதார சேவைச் சட்டம் வீட்டு உதவியாளர்களை அமர்த்தும் அதிகாரத்தை உள்ளூராட்சி சபைகளுக்குக் கொடுத்தது. இவர்களை 'ஹோம் ஹெல்ப்' என்றார்கள். பெரும்பாலும் பெண்கள். வீடு கூட்டினார்கள், சமைத்தார்கள், கடைக்குப் போய்வந்தார்கள். சம்பளம் கொடுத்தது சபை. பிழை நடந்தால் பதில் சொல்ல வேண்டியதும் சபைதான்.

1988இல் சேர் ரோய் கிரிபித்ஸின் அறிக்கை வந்தது. அதன் வழியில் 1990இல் ஒரு சட்டம் நிறைவேறி, 1993 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சபைகள் பராமரிப்பைத் தாங்களே செய்வதைக் குறைத்து, வெளியே வாங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அதற்காக இங்கிலாந்தின் சபைகளுக்கு மாற்றப்பட்ட நிதியில் 85 வீதத்தைத் தனியார், தொண்டு அமைப்புகளிடம் செலவழிக்கச் சொன்னார்கள். 1993இல் வீட்டுப் பராமரிப்பில் ஏறத்தாழ 95 வீதத்தைச் சபைகளே வழங்கின. 2012இல் அது சுமார் 11 வீதம்.

இதில ஒரு ஓட்டை இருந்தது. முதியோர் இல்லங்கள் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டும். வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கு அப்படியொரு நாடளாவிய பதிவு கிடையாது. கட்டடத்தைச் சட்டம் கண்டது. ஒரு கிழவியின் படுக்கையறை வரைக்கும் போற ஆளை அது காணவில்லை. 2000ஆம் ஆண்டின் பராமரிப்புத் தரச் சட்டம்தான் அவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. 2002இல் ஓர் ஆணைக்குழு வேலையைத் தொடங்கியது. 2004இல் அதை மாற்றி இன்னொன்று, 2009இல் மூன்றாவது. அந்த மூன்றாவதுதான் இண்டைக்கும் இருக்கிற சீ.கியூ.சீ.

ஆனாலும் இல்லமொன்றுக்குள் போய் நிற்பதுபோல ஒரு தனிமனிதரின் வீட்டுக்குள் பரிசோதகர் நினைத்தவுடன் நுழைய முடியாது. வீட்டுக்காரரின் சம்மதம் வேணும். அதால அலுவலகத்தில இருக்கிற பதிவேடுகளும் தொலைபேசி விசாரிப்புகளும்தான் பெரும்பகுதி.

2011இல் சமத்துவ, மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரித்தபோது கதவுக்குள் நடந்தது கொஞ்சம் வெளியே தெரிந்தது: சாப்பாடும் தண்ணியும் எட்டாமல் விடப்பட்டவர்கள், பின்னேரமே படுக்கையில் போடப்பட்டவர்கள். சபைகள் செலவைக் குறைக்கப் பதினைந்து நிமிடக் கணக்கில் பராமரிப்பை வாங்கியது இதற்குப் பெரிய காரணம். பதினைந்து நிமிடத்தில ஒருவரை எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பாடு குடுக்க ஏலுமா? அரை மணிக்குக் குறைந்த வருகை விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என்ற வழிகாட்டல் 2015இல்தான் வந்தது.

இன்னொரு கணக்கும் இருக்கு. 2011 முதல் 2013 வரை வரித் திணைக்களம் விசாரித்த பராமரிப்பு நிறுவனங்களில் ஏறத்தாழப் பாதி, குறைந்தபட்ச ஊதிய விதிகளை மீறியிருந்தன. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் கொடுக்காதது அதில் ஒரு வழி. சம்பளமில்லாத அந்தப் பயணத்தில் பிந்துகிற ஒவ்வொரு நிமிடமும் அடுத்த வீட்டு முதியவரின் பதினைந்து நிமிடத்தில்தான் கழியும். தரம் எண்டு நாங்கள் சொல்வது, வேலை செய்பவரின் நேரமும் கூலியும்தான்.

அதே 2000ஆம் ஆண்டில் எங்கட பாராளுமன்றமும் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது அது. பிள்ளை லெஸ்டரில் யாரோ ஒருவரின் தாயைத் தூக்கி இருத்திக்கொண்டிருக்க, யாழ்ப்பாணத்தில் அவரின் தாயைப் பார்க்க இன்னொரு பெண் சம்பளத்துக்கு வருகிறார். அந்தப் பெண்ணுக்கு ஆர் பயிற்சி குடுத்தது? நாளுக்கு எத்தனை மணித்தியாலம் வேலை? அம்மாவுக்கு ஒண்டு நடந்தால், அல்லது அந்தப் பெண்ணுக்கே ஒண்டு நடந்தால், ஆரிட்டப் போய்ச் சொல்றது?

இங்கிலாந்து இந்தக் கேள்விகளைத் தனியார் சந்தையைத் திறந்துவிட்ட பிறகே கேட்டது. எங்கட வீடுகளில் அந்தச் சந்தை இப்பதான் வளருது. கேட்க இன்னும் நேரம் இருக்கு.